முடிஞ்ச பெட்டி

மேலக்கடுவூரில் ஆடி மாதச் சாரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு நின்றது. பிசுபிசுத்து, ஓய்ந்து நின்றதென்று சொல்ல முடியாது. குழாயைத் திருகியதுபோல் நின்றது. மேகம் வழக்கம்போல் மலையைவிட்டு இறங்கி வந்து ஊரின் தலைக்கு மேல் கறுத்து நின்றுகொண்டுதான் இருந்தது, காற்று வழக்கம்போல் போகிறவர் வருகிறவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை, அந்தப் பக்கம் தூறிக்கொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருப்பதாக நினைக்கவில்லை. மூன்று நாளாக ஈரம் உலராத சீருடைகளைக் கொடியில் போட்டார்கள், பீடி சுற்றும் பெண்கள் சுற்றிவைத்த கட்டுகளை வெளியே கொண்டுவந்து உலர்த்தினார்கள், பாலத்தில் நின்ற இரண்டு பேர் ஒரு காலை நனையவிட்டு ஒரு காலைக் காயவிட்டுக் கொஞ்சநேரம் விளையாடிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அதே பதினொன்றேகாலுக்கு, பாலத்தை ஒட்டிய பழைய நெல் குடோனில் நடந்துவந்த பள்ளிக்கூடத்தில், முப்பிடாதி என்ற எட்டு வயதுப் பெண் ஒரு துண்டுக் குடைத்துணியைத் தகர டின்னுக்குள் போட்டிருந்தாள்.

கண் தெரியாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடங்களே ‘இது எங்களால் ஆகாது’ என்று கும்பிட்டுத் திருப்பி அனுப்பிய பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் அது. மொத்தம் ஒன்பது பேர். கண்ணோடு காதும் இல்லாதவர்கள், கண்ணோடு காலும் ஓடாதவர்கள், கண்ணோடு டாக்டர்களுக்கே பேர் தெரியாத இன்னொன்றும் சேர்ந்துகொண்டவர்கள். முப்பிடாதிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது, இடதுகை பிறந்ததிலிருந்து மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. வலதுகை ஒன்றுதான் அவளுக்குக் கண், காது, வாய், செய்தித்தாள் எல்லாம்.

இப்படி ஒரு பிள்ளையிடம் ‘இப்ப சாப்பாடு, அப்புறம் ஊஞ்சல்’ என்று எப்படிச் சொல்வது? மங்கையர்க்கரசி டீச்சர் சாமானால் சொன்னாள். வரிசையாக ஆறு அறை வைத்த ஒரு பலகைத் தட்டு. ஓர் அறையில் கரண்டி, அடுத்ததில் ஊஞ்சல் கயிற்றில் ஒரு சாண், அதற்கடுத்ததில் குளியல் துண்டின் ஒரு கிழிசல், சாரல் காலமென்றால் நனைந்துகொண்டு நடப்பதற்குக் குடைத்துணி, இரண்டு துணியிலும் கனத்துக்கு ஒரு கூழாங்கல் முடிந்திருக்கும். சாமானைத் தொட்டால் காரியம் தொடங்கும். காரியம் ஆனதும் அதே சாமானைக் கொண்டுபோய் வலதுகோடியில் இருக்கும் பெரிய பிஸ்கட் டின்னில் போட வேண்டும். டின் அதிரும், அந்த அதிர்வு முழங்காலில் ஏறும், அது முடிந்தது, இனி அடுத்தது என்று அர்த்தம். மறுபடி அந்தக் காரியத்தின் நேரம் வரும்போது டீச்சர் சாமானை டின்னிலிருந்து எடுத்து அறையில் வைப்பாள். பள்ளிக்கூடத்தில் அந்த டின்னுக்கு முடிஞ்ச பெட்டி என்று பேர்.

மங்கைக்கு முப்பத்தாறு வயது, நல்ல உயரம், கொஞ்சம் முன்கோபி, ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் பூமாதேவிக்கே பொறுமை சொல்லிக்கொடுப்பாள். அவள் நான்கு வருஷத்துக்கு முன் அங்கே சேர்ந்த அன்று முப்பிடாதி வகுப்பு வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவர் கணுக்காலையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பிருந்த டீச்சர் கொலுசு போட்டவள். கல்யாணமாகி ஒரு வெள்ளிக்கிழமை போனவள், பிள்ளை ஏங்கிப்போகும் என்று சொல்லாமலே போய்விட்டாள். திங்கட்கிழமை முதல் முப்பிடாதி வாசலில் உட்கார்ந்தாள், நாற்பத்து மூன்று நாள் உட்கார்ந்தாள், கரண்டியைத் தட்டிவிட்டாள், விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆனாள், கொலுசு வரவில்லை. இப்போதும் காலையில் வந்ததும் கொஞ்சநேரம் வாசலில் உட்கார்ந்து நாலு கணுக்காலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அவளுக்கு யாரும் முடிந்ததென்று சொல்லவில்லையே, அவள் எப்படி விடுவாள்?

மங்கை தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஒரு வளையலைத் தன் வலது மணிக்கட்டில் போட்டாள், அதில் மூன்று வெட்டு. இதைத் தொட்டால் நான் என்று அர்த்தம். அதன்பிறகு ஒவ்வொரு சாமானையும் ஒவ்வொரு நாளும் தன் கையைக் கீழே கொடுத்து, பிள்ளையின் கை மேலே இருக்கும்படி, இழுக்காமல், அமுக்காமல், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்ற சுதந்திரத்தோடு டின்வரை கூட்டிக்கொண்டு போனாள். கிட்டத்தட்ட நாலு வருஷம் அப்படிப் போனாள். அந்தச் செவ்வாய்க்கிழமை முப்பிடாதி டீச்சரின் கையை விட்டுவிட்டுத் தானாகவே போய்க் குடைத்துணியை டின்னில் போட்டாள். மங்கை அழுதுகொண்டே சமையல்கட்டுக்கு ஓடினாள்.

“அக்கா, போட்டுட்டா! தானா போட்டுட்டா!”

சமையல்கார ஞானசெல்வம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆகாயத்தைச் சோதித்துக்கொண்டிருந்தாள். “மழ நின்னுட்டு டீச்சர்” என்றாள். அவரவர் செய்தியை அவரவர் சொல்லி முடித்து இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

பிள்ளை டின்னில் போடுவதையும் ஊரில் நடப்பதையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் எதிர்ச்சாரியில் ஓட்டல் வைத்திருந்த மைதீன் பாய். ஆறு நாளாக அவர் ஓட்டலில் காலை பத்து மணி சுமாருக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இட்லியைப் பிட்டவர் பிட்டபடி, பாதி வடையைக் கையில் வைத்திருந்தவர் இதை எதற்கு வாங்கினோம் என்று யோசித்தபடி, இலையில் கையே வைக்காதவர் வயிற்றைத் தடவி ஏப்பம் விட்டபடி. பன்னிரண்டரைக்கு அத்தனை பேரும் ஒன்றாக, கொலைப்பசியோடு வந்து நின்றார்கள். பாய் எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர். மணியைக் குறித்துவைத்துக்கொண்டு, தெருத்தெருவாக விசாரித்து, ஏழாம் நாள் பள்ளிக்கூட ஜன்னலில் வந்து நின்று பார்த்துவிட்டார்.

“டீச்சரம்மா, பிள்ள கரண்டிய டின்னுல போட்டா ஊருக்கே பசி தீருது. ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது பாய்.”

“நான் வேண்டாங்கல. பிள்ள செய்யட்டும். கொஞ்சம் முன்னாடியே சொன்னீங்கன்னா மாவு கரைக்கத் தோதா இருக்கும், அவ்வளவுதான்.”

அன்று முதல் முப்பிடாதிக்குச் சாப்பாடு ஊட்டத் தொடங்கும்போது ஞானசெல்வம் கேட்டில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டாள். ஆனால் முப்பிடாதிக்கு விழுங்குவது லேசான காரியம் இல்லை, அரைக் கிண்ணம் சோற்றுக்கு ஒன்றரை மணிநேரம் ஆகும், அவள் முடிக்கும்வரை ஊரில் யாருக்கும் எவ்வளவு தின்றாலும் வயிறு நிறையவில்லை. அதனால் ஊர் முதன்முறையாக அந்தப் பிள்ளையின் தொண்டையைப் பற்றிக் கவலைப்பட்டது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் “சௌக்கியமா” என்று கேட்பதை விட்டு “பிள்ள சாப்பிட்டுட்டாளா” என்று கேட்டுக்கொண்டார்கள். குழைந்த பச்சரிசிச் சோறு வந்தது, நெய் வந்தது, மசித்த நேந்திரம்பழம் வந்தது. ஒரு கல்யாண வீட்டிலிருந்து வந்த தேங்காய்ப்பால் சொதியை மட்டும் ஞானசெல்வம் திருப்பி அனுப்பினாள். “தண்ணியா இருந்தா அவளுக்குப் புரையேறும், கெட்டியா இருந்தாத்தான் எறங்கும்” என்று வாசலில் நின்று அவள் விளக்கியதை அடுத்த வாரம் ஊரில் எல்லாரும் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு வருஷமாக அந்தக் குடோனுக்குள் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்க்காத ஊர் அது.

பிறகு கோரிக்கைகள் வந்தன. வராமல் இருக்குமா? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தார்கள். முப்பிடாதி அதை முகர்ந்து பார்த்து, ஒரு மூலையைக் கடித்துப் பார்த்து, துப்பிவிட்டாள். நாத்தனாரோடு பேச்சு வார்த்தை இல்லாத ஒருத்தி நாத்தனாரின் செருப்பில் ஒன்றைக் கொண்டுவந்தாள். கூட்டுக்கிணற்றில் முறைத்தண்ணீருக்காகப் பதினெட்டு வருஷமாக வழக்கு நடத்திவந்த அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு துண்டு கிணற்றுக் கயிற்றோடு வந்து நின்றார்கள். முப்பிடாதி இரண்டு துண்டையும் தரையில் எறிந்தாள்.

“என்ன டீச்சர், எங்க சண்டைய மட்டும் முடிக்க மாட்டேங்கா?” என்றார் அண்ணன்.

“அவ செய்யாத காரியத்த அவ எப்படி முடிப்பா?” என்றாள் மங்கை. “தொடங்கி, நடத்தி, அப்புறந்தான் போடுவா. வேணும்னா அவகூடச் சேந்து தண்ணி எறைங்க. கை கீழ இருக்கணும், அவ கை மேல. இழுக்கக் கூடாது.”

மீசை வைத்த அந்த இரண்டு ஆட்களும் பதினோரு நாள் பள்ளிக்கூடக் கிணற்றில் வந்து தண்ணீர் இறைத்தார்கள். ஒரு பக்கம் அண்ணன் கை, ஒரு பக்கம் தம்பி கை, இரண்டின் மேலும் மாறிமாறித் தாவுகிற அந்தச் சின்னக் கை. அவசரப்பட்டால் அது விலகிப் போய்விடும், அது திரும்பி வரும்வரை வாளி அந்தரத்தில் நிற்க, இரண்டு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டாம் நாள் முப்பிடாதி கயிற்றை டின்னில் போட்டாள். அண்ணன் தம்பி அதற்குப் பிறகும் கொஞ்சிக்குலாவவில்லை, ஆனால் வக்கீல் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருவரும் ஏறுவதில்லை.

ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் ஒருநாள் கறுப்புக் கண்ணாடி ஒன்றை வாழையிலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஊருக்கெல்லாம் முடித்துவைக்கிற பிள்ளை தன் இருட்டைத் தானே முடித்துக்கொள்ளட்டுமே என்றார்கள். மங்கைக்கு முகம் சிவந்துவிட்டது.

“அவளுக்கு இருட்டுன்னு ஒண்ணு இருக்குன்னு ஒங்களுக்கு யார் சொன்னது? அது ஒங்க இருட்டு. எடுத்துட்டுப் போங்க.”

அம்மாவையாவது கேட்போம் என்று அவர்கள் வடிவிடம் போனார்கள். சுடலைவடிவு முப்பிடாதியின் தாய், பீடி சுற்றுகிறவள், வாய் அதிகம் திறக்காதவள். பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமலே அவள் சொன்னாள்: “அவளுக்கு எது கஷ்டம்னு எனக்கே சரியாத் தெரியாது. தெரியாததுக்கு என்ன சாமான வைக்க?” கறுப்புக் கண்ணாடியை அந்த நாலு பேரில் ஒருவர் போட்டுக்கொண்டு போனார்.

தை பிறந்தது, மங்கைக்கு அரசாங்க ஆர்டர் வந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன் எழுதிய பரீட்சை, எத்தனையோ தடவை தள்ளிப்போன கவுன்சலிங், கடைசியில் ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. அங்கேதான் அவள் கணவன் ஒரு கம்பெனியில் இருந்தான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் ஒரே வீட்டில் இருந்ததில்லை. மங்கைக்குப் போக வேண்டும்போல் இருந்தது, மனசாரப் போக வேண்டும்போல் இருந்தது, அப்படி இருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குக் கீழே பயம் இருந்தது. சொல்லாமல் போனால் முப்பிடாதி வாசலில் உட்காருவாள், இந்தத் தடவை மணிக்கட்டுகளைத் தடவுவாள், கரண்டியைத் தட்டிவிடுவாள். சொல்லிவிட்டுப் போவதென்றால் அதற்கு ஒரே வழிதான்: சிரட்டை வளையலைக் கழற்றி அறையில் வைக்க வேண்டும், முப்பிடாதி அதை எடுத்து முடிஞ்ச பெட்டியில் போட வேண்டும். அந்தப் பெட்டியில் விழுந்தது எதுவும் முடியாமல் இருந்ததில்லை.

சேதி மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. மைதீன் பாய் ஓட்டலைச் சின்ன மகனிடம் விட்டுவிட்டு வந்தார்.

“வேண்டாம்மா. நீங்க சொல்லாமக் கொள்ளாமப் போயிருங்க. ஒரு மாசம் பசியோட கெடக்கோம், பரவால்ல. பெட்டில போட்டு ஒங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?”

“நாப்பத்து மூணு நாள் நான் பாத்தேன் பாய்” என்றாள் ஞானசெல்வம். “நீங்க பாக்கல.”

புதிதாக வந்திருந்த டீச்சர் பெனிட்டாவுக்கு இருபத்து நாலு வயது. மூன்று வாரமாகச் சுவரோடு சுவராக நின்று, பிள்ளைகளைத் தொட்டால் தப்பாகிவிடுமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தவள். அவள் மெல்லச் சொன்னாள்: “அதே மாதிரி ஒரு வளையல் செஞ்சு நான் போட்டுக்கிடட்டுமா மேடம்? மூணு வெட்டு. அவளுக்கு நீங்க போனதே தெரியாது.”

அது நல்ல யோசனையாகக்கூடப் பட்டது எல்லாருக்கும், மங்கைக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் பட்டது, ஓசூர் வீட்டில் ஜன்னலுக்குத் திரை மாட்டுகிற தன் கை வரைக்கும் அவளுக்குத் தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

“அவளுக்கு இந்த லோகத்துல நம்பிக்கையா இருக்கறது நாலஞ்சு சாமான்தான். அதுல ஒண்ணு பொய்னு தெரிஞ்சா மத்ததயும் விட்டுருவா. கரண்டியக்கூட.”

சாயங்காலம் அவள் வடிவின் வீட்டுக்குப் போனாள். வடிவு இலை வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“எங்கிட்டச் சொல்லிட்டுப் போவியள்ளா?”

“சொல்லாமப் போவேனா?”

“அப்ப அவகிட்டயும் சொல்லிட்டுப் போங்க. அவளும் மனுசிதான். பயமா இருந்தாப் பயத்தோட சொல்லுங்க டீச்சர்.”

தொடங்கி, நடத்தி, அப்புறம்தான் முடிப்பது. தான் வகுத்த சட்டம், தானே மீற முடியாது. ஆகவே கடைசி வாரம் முழுவதும் அவள் பிரிவதைப் பாடமாக நடத்தினாள். திங்கட்கிழமை வளையலைக் கழற்றிப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை பெனிட்டாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வளையல் உள்ள கையும் வளையல் இல்லாத கையும் ஒன்றாக ஊஞ்சலைப் பிடிக்கவைத்தாள். பெனிட்டா பழைய புடவைக் கரையைப் பின்னித் தனக்கென்று ஒரு பட்டை கட்டிக்கொண்டாள். புதன்கிழமை அந்தப் பட்டை கரண்டியைப் பிடித்தது, வளையல் சும்மா பக்கத்தில் இருந்தது. வியாழக்கிழமை வளையல் வெறுமனே தூரத்தில் நின்றது, முப்பிடாதி எழுந்து வந்து அதைத் தேடித் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். பயணப்பெட்டியைச் சுமந்துகொண்டு கிளம்புகிறவர்கள்போல ஊரில் எல்லாருக்கும் அந்த நாலு நாளும் காலில் ஒரு பரபரப்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். யாரும் அதற்காக வந்ததாகச் சொல்லவில்லை. ஒருவர் ஆட்டைத் தேடி வந்ததாகச் சொன்னார், அண்ணன் தம்பி இருவரும் வாளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார்கள், மைதீன் பாய் ஓட்டலைப் பூட்டிவிட்டு வந்து எதுவும் சொல்லாமல் நின்றார். மங்கையின் கைப்பை வாசலில் இருந்தது. உயிரோடு இருந்தால் பதினொன்றே முக்காலுக்கு பஸ்.

கரண்டி ஆயிற்று, துண்டு ஆயிற்று. மங்கை வளையலைக் கழற்றி ஐந்தாவது அறையில் வைத்தாள். கடைசியாக ஒருமுறை தன் கையைக் கீழே கொடுத்தாள். முப்பிடாதியின் கை மேலே வந்து உட்கார்ந்தது, அறைவரை வந்தது, வளையலைத் தொட்டது. மங்கை கையை எடுத்துக்கொண்டாள். இந்த வேலையில் சாமானைக் கொடுத்தபிறகு தூண்டக் கூடாது, காத்திருக்க வேண்டும், மனசுக்குள் முப்பதுவரை எண்ணச் சொல்வார்கள். மங்கை நானூறுவரை எண்ணினாள். முப்பிடாதி வளையலைச் சுற்றிச் சுற்றித் தடவினாள், ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு, கன்னத்தில் வைத்தாள், நாக்கால் தொட்டாள், மறுபடி ஒரு வெட்டு, இரண்டு வெட்டு. பிறகு மண்டியிட்டபடியே நகர்ந்து டின்னிடம் போய், கையை உள்ளே விட்டு, விரலைத் திறந்தாள். டின் அதிர்ந்தது.

மங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். முதலில் மூச்சு வந்தது, அடுத்ததும் வந்தது. தன் முழங்கையைத் தானே தொட்டுப் பார்த்தாள், இருந்தது.

அன்று மேலக்கடுவூரில் முடிந்தது காத்திருப்பது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் பஸ் வரும் திசையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்கள். ஏழு வருஷமாகச் சவுதியிலிருந்து புருஷன் வரவில்லையென்று போனைத் தலைமாட்டில் வைத்திருந்த ஒருத்தி கொடியில் தொங்கிய அவன் சட்டையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டு, கையோடு பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தாள். ரிசல்ட், வரன், வழக்கு, பேரப்பிள்ளை, மழை, எதற்கும் அந்த ஊரில் அன்றைக்கு ஒருவரும் காத்திருக்கவில்லை. முற்றத்தில் நின்ற அறுபது எழுபது பேரும் எதற்காக நிற்கிறோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன ஆகுமோ என்று காத்திருந்தவர்கள், அந்தக் காத்திருப்பே போய்விட்டதால், வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஆட்டைத் தேடி வந்தவர் ஆட்டை மறந்தே போய்விட்டார்.

மங்கைக்கு இது எதுவும் தெரியாது. அவள் முப்பிடாதியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை டின்னிலிருந்து திரும்பி வந்து, வழக்கப்படி அடுத்த அறையைத் தேடியது, ஆறாவது அறை, அதற்குள் புகுந்தது. அறை காலியாக இருந்தது.

முடிந்தது என்று சொல்லும்முன் அடுத்தது என்ன என்பதை வைக்க வேண்டும், இந்த வேலையின் முதல் பாடம் அது, புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் மங்கையே ஆயிரம் தடவை சொன்னது. தான் போவதைப் பற்றியே நினைத்து நினைத்து, தனக்குப் பிறகு ஒரு ‘அடுத்தது’ உண்டென்பதையே மறந்துவிட்டாள். முப்பிடாதியின் விரல்கள் அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போயின, திரும்பி வந்தன, பலகையைச் சுரண்டின. மங்கையின் வலதுகை தானாக நீண்டது. அதை இடதுகையால் பிடித்து நிறுத்தினாள். அவள் முடிந்தாயிற்று. இப்போது அவள் கை அங்கே போனால் சொன்னதெல்லாம் பொய்.

சுவரோரம் நின்ற பெனிட்டா இரண்டே எட்டில் வந்து உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், தன் கையையே காலி அறைக்குள் வைத்தாள், உள்ளங்கையை மேலே பார்த்து. முப்பிடாதியின் விரல்கள் அதில் வந்து இடித்தன. பின்னிய பட்டையைப் பிடித்தன. ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தன. பெனிட்டா அழுதுகொண்டே ஊஞ்சல் கயிற்றை எடுத்துக்கொடுத்தாள், இருவரும் எழுந்தார்கள்.

மங்கை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கைப்பை வாசலில் இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாயிற்று, கால் வரவில்லை.

“டீச்சர்” என்றாள் ஞானசெல்வம், ரொம்ப மெதுவாக. “நீங்க போயாச்சு. இனி இங்கன நிக்கக் கூடாது.”

ஊஞ்சலுக்குப் போகும் வழி மங்கையை ஒட்டித்தான் போனது. ஓர் அடி தூரத்தில் முப்பிடாதி நின்றுவிட்டாள். மூக்கை உயர்த்தி மோந்தாள். அவளுக்கு வளையல் மட்டுமா தெரியும், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், சோப்பு, வியர்வை எல்லாம் தெரியும். பெனிட்டாவின் கையை விட்டாள். காற்றில் துழாவி மங்கையின் வலதுகையைக் கண்டுபிடித்து, வளையல் இருந்த இடத்தைத் தடவினாள். நாலு வருஷமாக வெயில் படாத அந்த வெளுத்த வட்டத்தில், வெறும் தோலில், அவள் விரல் ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தது. பிறகு முப்பிடாதி அந்தக் கையை உள்ளங்கையால் தள்ளினாள். கோபத்தில் தட்டிவிட்டதில்லை அது. வேலைக்குக் கிளம்புகிறவரை நேரமாயிற்று என்று வீட்டுப்பெண்கள் தள்ளுவார்களே, அப்படி. பிறந்ததிலிருந்து யாரிடமும் எதுவும் சொல்லாத பிள்ளை ஒரு ஆளைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு அதுதான். சொல்லிவிட்டு பெனிட்டாவின் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலுக்குப் போனாள். மங்கையின் கால் எழும்பியது.

திங்கட்கிழமை மத்தியானம், ஓசூர்ப் பக்கத்துப் புதுப் பள்ளியில், சாப்பாட்டு மணி அடித்ததும் மங்கை வேப்பமரத்தடிக்குப் போய் ஞானசெல்வத்துக்குப் போன் போட்டாள்.

“சாப்பிட்டாளாக்கா?”

“முழுக்கிண்ணம். பாய் கடையில கூட்டம் தீந்து ரெண்டு மணிநேரமாச்சு.”

“வாசல்ல உக்காந்தாளா?”

“இல்ல டீச்சர். நேரா உள்ள வந்துட்டா.”

“யாரோட காலயும் தொட்டுப் பாக்கலயா? கையையும்?”

“இல்ல.”

மங்கை மரத்தில் சாய்ந்துகொண்டாள். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள்.

“என்னயத் தேடவே இல்லையா அக்கா?”

ஒரு பொய் சொன்னால் என்ன என்று ஞானசெல்வத்துக்கும் தோன்றியிருக்கும், ஆனால் அவளும் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள்.

“தேடல டீச்சர்.”

நாலு வருஷம் மங்கை வேலை பார்த்தது இந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்குத்தான். இப்போது கேட்டாயிற்று, சந்தோஷமாக இருந்தது, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, அதோடு நெஞ்சை யாரோ கையால் பிடித்துத் திருகுகிற மாதிரியும் இருந்தது. “நல்லது அக்கா, ரொம்ப நல்லது” என்றாள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து போயிற்று, புதுப் பள்ளியின் பிள்ளைகள் தட்டை ஏந்திக்கொண்டு நின்று பார்க்கப் பார்க்க அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அங்கே மேலக்கடுவூரில் அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தபோதும் ஞானசெல்வம் போனை வைக்கவில்லை.